கரைசலினின்று உலோகப் பொடி

பொன், வெள்ளி, செம்பு என்பன கண்ணுக்குப் புலனாகும் பொருள்கள். கையிலெடுத்து நிறுத்தற்கு உரியன. அவற்றைத் தக்க திராவகத்தில் இட்டுக் கரைத்துவிட்டாலோ, வெள்ளி நிறமற்ற நீர்போல் நிற்கும். செம்பு நீல நீராகும். பொன் மஞ்சள் நீராகும். அவ்வுலோகம் எங்கே சென்றது? ஓர் அணுவளவும் அழிந்திலது; நீருள் மறைந்து நிற்கின்றது. அங்ஙனம் மறைந்து நின்றதனை மீண்டும் உலோகமாகவே, அதிலும் மாவினும் நுண்ணிய பொடியாக, வெளிப்படுத்தும் வழி ஒன்று உண்டு. அதற்கு உலையும் சம்மட்டியும் வேண்டா. ஒரு கண்ணாடிக் குவளையும், ஏற்ற துணைப்பொருள் ஒன்றும் அமையும். இவ்வழியின் இயல்பு யாது, நம் நாட்டில் அது வழங்கும் இடங்கள் யாவை, அதனை முற்றச் செய்யாது இடையில் விட்டுவிடின் கேடு யாரைச் சாரும் என்னும் மூன்றையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இது தொலைவிலுள்ள செய்தி என்று நம் மாணவர் எண்ணுதல் வேண்டா. பாளையங்கோட்டையினின்று புறப்பட்டுச் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, திருநெல்வேலிச் சந்திப்பின் வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் அடைவது தச்சநல்லூர். 1994-ஆம் ஆண்டு திருநெல்வேலி மாநகராட்சி அமைந்தபொழுது அதனுட் சேர்ந்த இவ்வூர், இன்று மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. அதற்குத் தெற்கே திருநெல்வேலி நகரம். ஆங்குப் பொன்னும் வெள்ளியும் விற்கும் கடைகளும், அவற்றை உருக்கியும் புடமிட்டும் தூய்மை செய்யும் பட்டறைகளும் பழமையானவை. வடக்கே மதுரைச் சாலையில் கங்கைகொண்டான்; ஆங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் டாட்டா பவர் நிறுவனத்தைச் சார்ந்த 4.3 ஜிகாவாட் அளவினதாகிய தொழிற்சாலை, 2024-ஆம் ஆண்டிற் சூரிய மின்கலங்களை ஆக்கத் தொடங்கியது. பொற்கொல்லன் பட்டறை பழையது. மின்கலத் தொழிற்சாலை புதியது. ஆயினும் முன்னதில் மீட்கப்படும் வெள்ளியும், பின்னதிற் பூசப்படும் வெள்ளியும் ஒரே இரசாயனச் செயலாற் பொடியாகப் பிறப்பவை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் தச்சநல்லூரின் கீழ்ப்பாற் செல்லும் தாமிரபரணியும் இக்கட்டுரையில் இடம்பெறும். எங்ஙனம் என்பது பின்னர்ப் புலனாகும்.

முதற்கண் ஓர் ஐயம் எழலாம். உலோகத்தைப் பொடியாக்க வேண்டின் இடித்தால் ஆகாதோ எனின், ஆகாது. மிளகையும் மஞ்சளையும் உரலிலிட்டு இடித்தால் அவை உடையும். ஏனெனின் அவை நொறுங்கும் இயல்பின. வெள்ளியோ மெல்லியது, வளையுமேயன்றி உடையாது. இடிக்க இடிக்கத் தகடாகும், இன்னும் இடித்தால் இனிப்புப் பண்டங்களின்மேல் ஒட்டும் மெல்லிய இதழாகும், பொடியாகாது. அரத்தால் அராவினால் துகள் கிடைக்கும். ஆயின் அது பருத்தும் கோணியும் இருக்கும். உருகிய உலோகத்தை வேகமாகப் பீறும் காற்றாலேனும் நீராலேனும் சிதறடித்துப் பொடியாக்கும் முறையும் உண்டு. அதற்குப் பெரும்பொறிகளும் மிக்க வெப்பமும் வேண்டும். கரைசலினின்று பெறும் முறையிலோ, பெரிய பொருளைச் சிறிதாக உடைப்பதில்லை. அணுவோடு அணுவைச் சேர்த்துச் சிறிய பொருளைப் புதிதாக வளர்க்கின்றோம். ஆதலின் எவ்வளவு பருமனில் வளர்ச்சியை நிறுத்துவது என்பது நம் கையில் உள்ளது.

இனி, அச்செயலின் உள்ளியல்பைக் காண்போம். உலோக அணு ஒவ்வொன்றிலும் எலெக்ட்ரான் என்னும் நுண்பொருள்கள் உள. வெடியுப்புத் திராவகம் வெள்ளியைத் தாக்குங்கால், வெள்ளியணு ஓர் எலெக்ட்ரானை இழக்கின்றது. செம்பணு இரண்டினை இழக்கின்றது. இழந்த அணு அயனி எனப்படும். நீரிற் கரைந்து கண்ணுக்கு மறைந்து நிற்பது இந்த அயனியே. இழந்ததனை அது மீளப் பெறுமாயின் முன்போல் அணுவாகும். அணுக்கள் பல கூடின் துகளாகும். இங்ஙனம் எலெக்ட்ரானைக் கொடுத்து அயனியை உலோகமாக்குதலை ஒடுக்கம் என்றும், கொடுக்கும் பொருளை ஒடுக்கி என்றும் இரசாயன நூலார் வழங்குவர். கொடுப்பது ஒன்று இல்லாமல் பெறுவது மற்றொன்று இல்லை. ஒடுக்கி தான் கொடுத்த அளவிற்குத் தானே மாறுபடும். அஃது உலோகமாயின் தானே கரைந்து நீருட் புகும். எனவே இச்செயல் முழுவதும் ஒரு வரவு செலவுக் கணக்கேயாம். இக்கருத்தை மாணவர் மனத்திற் கொள்வாராக. பின்வருவன அனைத்தும் இதன் விரிவே.

நாட்டு மருந்துக் கடைகளிற் கிடைக்கும் மயில்துத்தம் என்னும் நீலக் கட்டியை அறியாதார் இலர். அது செம்பும் கந்தகத் திராவகமும் சேர்ந்து, நீரையும் உட்கொண்டு படிகமானது. அதனை நீரிற் கரைத்து, நன்கு தேய்த்த இரும்பாணி ஒன்றை அதனுள் நிறுத்துக. சில நிமிடங்களில் ஆணி செந்நிறம் பெறும். இரும்புத் தூளை இட்டுக் கலக்கினாலோ, நீலம் மெல்லமெல்ல வெளிறி இளம்பச்சையாக, அடியிற் செம்மண் போன்ற செம்புப் பொடி படியும். இரும்பு தன் எலெக்ட்ரான்களைச் செம்பிற்குக் கொடுத்துத் தான் கரைந்தது. செம்பு பெற்றுக்கொண்டு வெளிப்பட்டது. கணக்கிட்டுப் பார்ப்பின் ஏறக்குறைய 250 கிராம் மயில்துத்தத்தில் 63.5 கிராம் செம்பு அடங்கியுள்ளது. அதனை மீட்க 56 கிராம் இரும்பு செலவாகும்.

பழைய இரசவாதிகள் பலர் இதனைக் கண்டு, இரும்பே செம்பாக மாறிற்று என மயங்கினர்; இரும்பு செம்பாகுமாயின் செம்பு பொன்னாகாதோ என்று மேலும் நம்பினர். தராசு ஒன்று அவர்க்குத் துணைபுரிந்திருப்பின் அம்மயக்கம் நீங்கியிருக்கும். நீலம் வெளிறுவதையும், இரும்பு தேய்வதையும் நிறுத்துப் பார்ப்பார்க்கு, ஒன்று மற்றொன்றாக மாறவில்லை, ஒன்றின் இடத்தை மற்றொன்று கொண்டது என்பது தெளிவாகும். சீன நாட்டாரோ மயங்கி நில்லாது இதனையே தொழிலாக்கினர். சோங் அரசர் காலத்தில், கி.பி. 11-ஆம் நூற்றாண்டிலேயே, சுரங்கங்களினின்று ஊறும் நீலநீரில் இரும்பை இட்டுச் செம்பைப் பெருமளவில் எடுத்து நாணயம் அடித்தனர்.

அற்றேல், எந்த உலோகமும் எந்த உலோகத்தையும் வெளிப்படுத்துமோ எனின், அன்று. செம்பாணியை இரும்புக் கரைசலில் எத்துணை நாள் நிறுத்தினும் இரும்பு படியாது. உலோகங்கள் ஒரு படிக்கட்டில் நிற்பனபோல் வரிசைப்பட்டு நிற்கின்றன. எலெக்ட்ரானை எளிதில் விடாத பொன் மேற்படியில் உள்ளது. அதன்கீழ் வெள்ளி; அதன்கீழ்ச் செம்பு; அதனினும் கீழே இரும்பு; அதன்கீழ்த் துத்தநாகம்; அடியில் அலுமினியம். கீழ்ப்படியில் நிற்பது மேற்படியில் நிற்பதற்கு எலெக்ட்ரானை வழங்கும்; மேற்படியது கீழ்ப்படிக்கு வழங்காது. இப்படிகளின் உயரத்தை வோல்ட்டுக் கணக்கில் அளந்து வைத்துள்ளனர்: வெள்ளிக்கு 0.80, செம்புக்கு 0.34; இரும்புக்குக் கழித்தல் 0.44, துத்தநாகத்திற்குக் கழித்தல் 0.76. படிகளின் இடைவெளி மிகுந்தால் செயல் நிகழும் விருப்பம் மிகும்.

இப்படிக்கட்டின் பயன் பொற்கொல்லன் பட்டறையில் நன்கு விளங்கும். பழைய நகைகளில் பொன்னோடு வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும். பொன் நாலில் ஒரு பங்கே ஆகும்படி மேலும் வெள்ளி சேர்த்து உருக்கி, மெல்லிய தகடாக்கி, வெடியுப்புத் திராவகத்திற் காய்ச்சுவர். வெள்ளியும் செம்பும் கரைந்துவிடப் பொன் மட்டும் கரையாது பழுப்புநிறத் தூளாய் எஞ்சும். வடித்தெடுத்த நீரில் வெள்ளியும் செம்பும் இரண்டறக் கலந்து நிற்கும். அதில் வெள்ளியை மட்டும் பிரித்தெடுத்தல் வேண்டும். அதற்கு என்ன இடுவது? இரும்பை இட்டால் இரும்பு இரண்டு உலோகங்களுக்கும் கீழே நிற்பதாகலின், வெள்ளி, செம்பு ஆகிய இரண்டும் கலந்து படியும். பிரித்த பயன் கெடும். ஆதலின் செம்புத் தகட்டை இடுவர். செம்பு வெள்ளிக்குக் கொடுக்கும். தன்னினமாகிய செம்பிற்குக் கொடுப்பது ஒன்றும் இல்லை. எனவே வெள்ளி மட்டும் சாம்பல் நிறப் பொடியாய்ப் படிய, நீர் நீலமாகும். வேண்டியதற்கு மட்டும் கொடுத்து வேண்டாததற்குக் கொடாத ஒடுக்கியைத் தெரிந்தெடுத்தலே இக்கலையின் உயிர்நிலை என்க.

ஒடுக்கி உலோகமாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. பொன்னை இராஜத் திராவகத்திற் கரைத்து, அக்கரைசலில் அன்னபேதி நீரை ஊற்றினால், பொன் பழுப்புப் பொடியாய் விழும். அன்னபேதியிலுள்ள இரும்பு முன்னரே இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த அயனி. அது மூன்றாவதனையும் இழந்து பொன்னிற்கு வழங்குகின்றது. அதன் வலிமை வெள்ளியின் படிக்குச் சற்றே கீழே நிற்பது. செம்பின் படிக்கு மிக மேலே நிற்பது. ஆதலின் கரைசலிற் செம்பு எவ்வளவு இருப்பினும் அதனைத் தீண்டாது பொன்னை மட்டும் விடுவிக்கும். அன்னபேதியில் மூவயனி சேர்ந்தே ஒரு பொன்னணுவை மீட்கும் ஆதலால், 197 கிராம் பொன்னிற்கு ஏறக்குறைய 834 கிராம் அன்னபேதிப் படிகம் வேண்டும். நெல்லிக்காயிலுள்ள அஸ்கார்பிக் அமிலம், திராட்சைச் சர்க்கரையாகிய குளுக்கோஸ், பார்மால்டிஹைடு, ஹைட்ரஸீன் முதலியனவும் இவ்வாறு எலெக்ட்ரானை வழங்கும் ஒடுக்கிகளே. நம் ஆய்வுக்கூடத்தில் குளுக்கோஸைக்கொண்டு சோதனைக் குழாயின் உட்புறத்தில் வெள்ளிக் கண்ணாடி படியச் செய்வதை மாணவர் அறிவர். ஆண்டு எஞ்சும் அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலைச் சேமித்து வைத்தல் ஆகாது. நாட்படின் வெடிக்கும் பொருள் அதில் உண்டாகும். ஆதலின் அன்றே அதனை அமிலமிட்டு முறித்துவிடல் வேண்டும்.

பெருந்தொழிலில் இம்முறை செய்த பணிக்குச் சான்றாக நிற்பது கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் குழுமத்தார் அங்கே சுரங்கத் தொழிலை நடத்தினர். 1902-ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தினின்று மின்சாரமும் அவ்விடம் சேர்ந்தது. ஆங்கு மண்ணின் அடியில் உழைத்தவரிற் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய இடங்களினின்று சென்ற தமிழ் மக்கள். அரைத்த கல்லில் எஞ்சிய நுண்ணிய பொன்னை எடுக்கும் வழி, 1887-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் ஜான் ஸ்டீவர்ட் மக்கார்தர் என்னும் இரசாயன அறிஞராலும், பாரஸ்ட் என்னும் குடும்பப்பெயர் பூண்ட மருத்துவச் சகோதரர் இருவராலும் வகுக்கப்பட்டது. அரைத்த கல்லின்மீது சயனைடு கலந்த நீரைச் செலுத்தினால், காற்றின் துணையோடு பொன் கரைந்துவிடும். அந்நீரைத் துத்தநாகச் சீவல் நிறைந்த பெட்டிகளின் வழியே ஓடச் செய்வர். துத்தநாகம் கரையப் பொன் கருஞ்சேறாய்ப் படியும். அதனைக் கந்தகத் திராவகத்தால் கழுவி எஞ்சிய துத்தநாகத்தை நீக்கி, வெண்காரமிட்டு உருக்கினால் பொற்கட்டியாகும். கணக்கின்படி 394 கிராம் பொன்னிற்கு 65 கிராம் துத்தநாகமே போதும். நடைமுறையிலோ மிகுதியாகச் செலவாகும். நீரிற் கலந்த பிராணவாயுவும் துத்தநாகத்தினின்று எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும் என்பதே காரணம். அதனாற் பிற்காலத்தார் கரைசலிலுள்ள காற்றை முதலில் உறிஞ்சி நீக்கிவிட்டுப் பின்னரே துத்தநாகப் பொடியை இடும் முறையை மேற்கொண்டனர்.

பொன் ஏன் கருஞ்சேறாய்த் தோன்றுகின்றது என்று வினவலாம். வழவழப்பான பரப்பின்மேல் விழும் ஒளி உடனே மீளும். அதுவே உலோகத்தின் பளபளப்பு. நுண்பொடியிலோ ஒளி துகள்களின் இடைவெளிகளுட் புகுந்து, பலமுறை மோதி மோதி உள்ளேயே அடங்கிவிடும். எனவே பொன்னும் வெள்ளியும் பொடிநிலையிற் கறுத்தோ சாம்பல் நிறமாகவோ காணப்படும். உலர்ந்த வெள்ளிப் பொடியைச் சிறிது தாளில் இட்டு, கண்ணாடிக் கோலின் முனையால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க. மறைந்திருந்த வெள்ளொளி அக்கணமே வெளிப்படும். துகள் இன்னும் மிக நுண்ணியதாயின் நிறம் வேறாகவும் மாறும். மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் பொன்னின் கரைசலைப் பாஸ்பரஸால் ஒடுக்கி, மாணிக்கம் போற் சிவந்த நீரைப் பெற்று, அச்செந்நிறம் கண்ணுக்குத் தெரியாத பொற்றுகள்களால் ஆயது என 1857-ஆம் ஆண்டு விளக்கினார்.

துகளின் பருமனை நம் விருப்பப்படி அமைத்தல் எங்ஙனம்? ஒடுக்கப்பட்ட அணுக்கள் கரைசலில் தனித்து நில்லா. சில கூடி முதலில் ஒரு கருவாகும். பின்வரும் அணுக்கள் அக்கருவின்மேற் படிந்து அதனை வளர்க்கும். வலிய ஒடுக்கியை ஒரே முறையில் ஊற்றி வேகமாகக் கலக்கின், ஒரே நேரத்தில் எண்ணிறந்த கருக்கள் பிறக்கும். உள்ள உலோகம் அத்தனைக்கும் பங்கிடப்படுவதால் ஒவ்வொன்றும் நுண்ணியதாய் நின்றுவிடும். மெல்ல நிகழவிடின் கருக்கள் சிலவே தோன்றி, அவையே பெருத்து வளரும். நீர்த்த வெள்ளிக் கரைசலில் செம்புக் கம்பி ஒன்றை அசையாது தொங்கவிட்டால், கம்பியினின்று வெள்ளி ஊசிகள் கிளைத்து மரம்போற் படர்தல் இதனாலேயே. பிறந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாதிருக்கச் சிறிது வேலம்பிசினையேனும் ஜெலட்டினையேனும் முன்னரே கலந்து வைப்பர். அது துகள்தோறும் மெல்லிய போர்வையாய்ப் படிந்து காக்கும். பெரிய துகள் வேண்டுவோரோ, முன்பு பெற்ற பொடியையே விதையாக இட்டு அதன்மேல் மீண்டும் மீண்டும் படியச் செய்வர். கானடாவில் போர்ட் சஸ்காட்செவன் என்னும் இடத்தில் 1954-ஆம் ஆண்டு தொடங்கிய ஷெரிட் நிறுவனத்தார் ஆலையில், அம்மோனியா கலந்த நிக்கல் கரைசலில் மிகுந்த அழுத்தத்துடன் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, இவ்வாறே நிக்கல் பொடியை வளர்த்தெடுத்தனர். அதில் ஒடுக்கி வாயுவாக இருத்தலின், வேறோர் உலோகம் கரைந்து நீரை மாசுபடுத்துவதில்லை என்பது கருதத்தக்கது.

சூரிய மின்கலத்திற்கு இக்கட்டுப்பாடு இன்றியமையாதது. மின்கலத்தின் முகத்தில் தலைமயிரினும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் இருக்கக் காணலாம். வெயிலால் எழும் மின்சாரத்தைத் திரட்டி வெளிக்கொணர்வன அவையே. வெள்ளிப் பொடி, கண்ணாடிப் பொடி, எண்ணெய் போன்றதொரு குழைபொருள் ஆகியவற்றைச் சேர்த்துச் சாந்தாக்கி, நுண்ணிய வலைத்திரையின் வழியே அச்சிட்டுச் சூளையிற் சில நொடி சுட்டால் அக்கோடுகள் அமையும். அப்பொடியின் துகள் பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்கு பருமன் உடையது. துகள் பருத்தால் வலையை அடைக்கும்; மிக நுணுகினால் சாந்து இறுகிப்போவதோடு சூளையில் முன்னதாகவே உருகி ஒட்டும். ஆதலின் வெள்ளி நைட்டிரேட்டுக் கரைசலை அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஒடுக்கியால், பிசின் முதலியவற்றின் காவலோடு, அளவறிந்து ஒடுக்கிப் பெறுவர். நெல்லிக்காயின் புளிப்பிற்கு உறவான பொருள் ஒன்று சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தொழிலுக்குத் துணைநிற்பது வியக்கத்தக்கதன்றோ!

நிற்க. இதுகாறும் வரவைப் பற்றியே பேசினோம். இனிச் செலவைப் பற்றிப் பேசுதல் முறை. பட்டறையில் 100 கிராம் வெள்ளியைச் செம்பால் மீட்டவனுக்கு 29.5 கிராம் செம்பு கரைந்துவிடும். வெள்ளியைக் கழுவி உலர்த்தி, வெண்காரமிட்டு மூசையில் உருக்கி எடுத்துவிட்டான். அவன் எண்ணப்படி வேலை முடிந்தது. எஞ்சியது ஒரு சிறு வாளி நீலநீர். அதனை வாய்க்காலிற் கொட்டிவிடின் யாது ஆகும்? ஆறு முதலிய நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமிற்கு மேற் செம்பு இருத்தல் கூடாது என்பது இந்திய அரசின் சுற்றுச்சூழல் விதி. குடிநீருக்கு இந்தியத் தர நிறுவனம் ஏற்கத்தக்கதாக விதித்த அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த 29.5 கிராம் செம்பைக் கழிவுநீர் அளவிற்கு இறக்கவே ஏறக்குறைய 10,000 லிட்டர் நீர் வேண்டும். குடிநீர் அளவிற்கு இறக்க 5,90,000 லிட்டர் வேண்டும். ஒரு கைப்பிடி வெள்ளியின் கணக்கு இது. கரைந்த செம்பு மனிதரினும் மீனுக்கும் பாசிக்கும் மிகக் கொடியது. சிறிதளவே அவற்றை மாய்க்கும்.

தாமிரபரணி பொதிகையிற் பிறந்து, நெல்லையைக் கடந்து, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயல் அருகே கடல் சேர்வது. தச்சநல்லூரின் வாய்க்காலில் விழுந்தது அவ்வூரோடு நிற்பதில்லை. கீழே அந்நீரைப் பருகி வாழ்வோர் தூத்துக்குடி வரை உளர். ஆற்றின் பெயரில் தாமிரம் உண்டு என்பது உண்மையே. ஆயின் ஆற்றின் நீரில் அது வேண்டா. கோலாரில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன் வெளியே சென்றது. சயனைடு நீரால் கழுவப்பட்ட மண்ணோ மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட குன்றுகளாய் அங்கேயே கிடக்கின்றது. காற்றடிக்குங்கால் அதன் தூசு அங்கு உழைத்தவரின் வீடுகளின்மேலேயே படிகின்றது. வரவை ஒருவர் எழுதிக்கொள்ளச் செலவு மற்றொருவர் பேரில் எழுதப்படுதல் இங்ஙனமே.

இக்கேட்டிற்கு மாற்று அரியதோ எனின், இல்லை. முன் சொன்ன படிக்கட்டிலேயே உள்ளது. வெள்ளி முற்றும் படிந்ததா என்று அறிய, தெளிந்த நீரில் ஒரு துளி உப்புநீரை விடுக. வெண்டயிர் போற் கலங்காவிடின் வெள்ளி இல்லை. பின்னர் அந்நீலநீரில் பழைய இரும்புத் துண்டுகளை இடுக. 26 கிராம் இரும்பு கரைய, 29.5 கிராம் செம்பும் பொடியாய் மீளும். திராவகம் எஞ்சியிருப்பின் இரும்பு இன்னும் சிறிது மிகுதியாகச் செலவாகும். சிறிது நீரை எடுத்து அம்மோனியா விட்டுப் பார்க்குங்கால் கருநீலம் தோன்றாதாயின், கண்ணறியச் செம்பு நீங்கிற்று என்க. அச்செம்புப் பொடி ஈரத்தோடு காற்றிற் கிடந்தால் மீண்டும் கறுத்துவிடும். ஆதலின் விரைந்து கழுவி உலர்த்தி உருக்கிக்கொள்ளல் நன்று. இனி நீரில் நிற்பது இரும்பு. அதற்கு 35 கிராம் நீற்றிய சுண்ணாம்பு போதும். புளிப்பு எஞ்சியிருப்பின் அதற்கேற்பக் கூட்டுக. இரும்பு பச்சைச் சேறாய்ப் பிரிந்து, காற்றுப்பட்டுத் துருநிறம் பெறும். தப்பிநின்ற செம்பும் அச்சேற்றோடு பெரும்பாலும் அடங்கும். சேற்றை வடித்து வேறாக வைத்தல் வேண்டும். அதனையும் ஆற்றில் எறிவது கூடாது. தெளிநீரையும் சோதித்தறிந்த பின்னரே வெளியே விடல் வேண்டும்; வெடியுப்பின் கூறு இன்னும் அதில் உண்டு.

வெள்ளிக்குச் செம்பு, செம்பிற்கு இரும்பு, இரும்பிற்குச் சுண்ணாம்பு. ஒவ்வொரு படியிலும் விலையுயர்ந்தது வெளியேற, விலைகுறைந்தது உள்ளே புகுகின்றது. இறுதிப் படியில் வேண்டுவது வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பின் இனமே. முதற்படியில் வெள்ளியை எடுத்தவன் இரண்டாம் படியில் நின்றுவிடுதற்குக் காரணம் வறுமையும் அன்று, பொருளின் அருமையும் அன்று; நீலநீரைக் கழிவென்று எண்ணும் பழக்கமே. அது கழிவு அன்று, எழுதி முடிக்காத கணக்கு என்பதனை இரசாயனம் பயின்றோர் எடுத்துக்கூறினாலன்றி வேறு யார் கூறுவர்?

நம் மாணவர் இதனைத் தம் ஆய்வுக்கூடத்திலிருந்தே தொடங்கலாம். உப்புகளைப் பகுத்தறியும் பயிற்சியில் வெள்ளி, செம்பு முதலியவற்றின் கரைசல்கள் நாள்தோறும் தொட்டியிற் கொட்டப்படுகின்றன. அவற்றை வெள்ளிக்கு ஒன்று, செம்பிற்கு ஒன்று எனக் கலங்களிற் சேர்த்து வைத்து, ஆண்டிறுதியில் ஆசிரியர் முன்னிலையில் ஒடுக்கி, மீண்ட பொடியை நிறுத்து, கொடுத்ததும் பெற்றதும் ஒத்துள்ளனவா என்று ஏட்டில் எழுதிப் பார்ப்பாராக. திராவகத்தினின்று எழும் செம்புகையை முகர்தல் ஆகாது. புகைபோக்கியின் கீழேயே அவ்வேலையைச் செய்தல் வேண்டும். நகரில் நகைத்தொழில் செய்யும் குடும்பங்களினின்று வந்து பயிலும் பிள்ளைகள் நம்மிடையே இருப்பாராயின், இரும்புத் துண்டும் சுண்ணாம்பும் செய்யும் வேலையைத் தம் வீட்டார்க்குச் செய்து காட்டுவாராக. ஒரு முறை கண்ணாற் கண்ட செய்தியைப் பட்டறையார் மறவார். மீளும் செம்பிற்கு விலை உண்டு என்பதனையும் அவர் மறவார்.